வாய் திறக்காத வகுப்பு

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலை தெரியும். மறு பக்கம் அடுத்த வீட்டு மொட்டை மாடி தெரியும். 2020 ஆம் வருஷம் முழுவதும் எனக்கு உலகம் என்பது இந்த இரண்டு காட்சிகள்தான். அந்த வருஷம் மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களுக்குள் கொரோனாக் கணக்கில் முதல் ஸ்தானம் வகித்தது எங்கள் ராயபுரம் மண்டலம். எந்தப் பரீட்சையிலும் முதல் ஸ்தானம் வாங்கி அறியாத எங்கள் பேட்டைக்கு இப்படி ஒரு பெருமை வந்து சேர்ந்தது.

அந்த வருஷத்தின் பிற்பாதியில் ஒரு நாள் காலை. அடுத்த மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பி.காம். படிக்கிற பெண். தகப்பனாருக்குக் காசிமேட்டில் விசைப்படகு வேலை. ஆயா மீன் விற்கிறவள். வீட்டுக்கு இருந்த ஒரே ஒரு கைப்பேசி தொட்டியின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் விடாமல் பேசிக் கொண்டிருந்தது. இவள் முழங்காலில் நோட்டை வைத்துக் கொண்டு சும்மா பார்த்துக் கொண்டிருந்தாள்.

குரல் நின்ற பிறகு கேட்டேன்: "என்னம்மா, என்ன வகுப்பு?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ், மாமா."

"முக்கால் மணி நேரமாகப் பார்க்கிறேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லையே?"

"பேசக் கூடாது மாமா. அறுபது பேரும் பேசினா மிஸ்ஸுக்கு ஒண்ணும் கேக்காது. எல்லாரும் மியூட்லதான் இருக்கணும்."

பேசக் கற்றுக் கொடுக்கும் வகுப்பு. அதில் பேசக் கூடாது! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. இது கைப்பேசி செய்த காரியமா, அல்லது நம்முடைய பழைய வழக்கமேதான் கைப்பேசிக்குள் புகுந்து கொண்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக் கொண்டு பழைய புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் காலம் தள்ளிவிட்டு வெளியே வந்தவன். கல்வியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கலாம். கல்வி யாருக்குக் கிடைக்கவில்லையோ அவனுக்குத்தான் அதைப் பற்றி யோசிக்க அவகாசம் அதிகம்.

எங்கள் வட சென்னைக்கும் அயல் மொழிப் பாடத்துக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயிலில் வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்ததாகக் கல்வெட்டுகளிலிருந்து தெரிகிறது. இலக்கணத்தைத் தானமாக வழங்கிய மண்டபம்! சிவபெருமான் பதினான்கு நாள் தோன்றிப் பாணினி முனிவருக்கு இலக்கண சூத்திரங்களை உபதேசித்தார் என்ற ஐதீகத்தை அந்த மண்டபத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் கவனித்தது வேறொன்று. சாக்ஷாத் பரமசிவனே ஆனாலும் மாணவனை எதிரில் உட்கார வைத்துத்தான் பாடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் பதினான்கு நாள் பிடித்திருக்கிறது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். அவனுடைய கப்பல்களுக்கு எதிரே கரையில் நின்ற நம்மவர்கள் இங்கிலீஷ் கற்றுக் கொண்டதற்குப் பள்ளிக்கூடம் எதுவும் காரணமில்லை; வியாபாரம்தான் காரணம். இரண்டு பாஷை அறிந்த துபாஷிகள் என்ற ஜாதியே அப்படித்தான் உண்டாயிற்று. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானவர். அவர் பேரில் இன்று கல்லூரி இருக்கிறது. அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல. துபாஷிகளின் இங்கிலீஷ் இலக்கண சுத்தமாக இருந்திருக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ஆனால் வாய் திறந்து பேசினார்கள். எதிராளி புரிந்து கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு விசித்திரம் நடந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்கு மேற்பார்வையாளரானார். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கான விடுதி அது. உபாத்தியாயர்கள் குறைவு, இருந்தவர்களும் புது முறை என்றால் முகம் சுளிக்கிறவர்கள். ஒரு நாள் பெல் குதிரை மேல் போகும்போது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து எழுதிக் கொண்டிருந்தார்கள். உடனே தம் விடுதியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். உதவி உபாத்தியாயர் அதை ஏற்கவில்லை. பெல் பார்த்தார், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, 'சின்ன வகுப்புக்கு இனி நீதான் அரிச்சுவடி வாத்தியார்' என்று சொல்லிவிட்டார். பையன் பிரமாதமாகச் செய்தான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது என்ற ஏற்பாடு அந்த விடுதி முழுவதும் பரவிற்று. நம் ஊர்த் திண்ணையில் சட்டாம்பிள்ளை என்று நாம் அழைத்து வந்த ஆசாமிதான் அது!

பெல் சீமைக்குத் திரும்பி 1797இல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் தாமும் அதே போன்ற முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப் போட்டிக்கு வந்தார். இருவருக்கும் நடந்த சண்டையைச் சொல்லப் புகுந்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். முடிவில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். பெல் 1832இல் காலமானபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்து கௌரவித்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஏற்பட்ட பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். நாம் நம் ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை.

இந்த முறையில் குறை உண்டு. எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்த அளவுதானே அவன் சொல்லிக் கொடுக்க முடியும்? கிளிப்பிள்ளைப் பாடம் என்று பிற்காலத்தார் பரிகசித்தார்கள். ஆனால் ஒன்று சொல்வேன். அந்த விடுதியில் ஒரு பிள்ளை கூட வாயை மூடிக் கொண்டு இருந்திருக்க முடியாது. ஒன்று, கேட்டுச் சொல்ல வேண்டும். அல்லது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நிற்க. இனி சர்வகலாசாலைக்கு வருவோம்.

1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது; தூண்களோடு ஒரு பழைய ஜமீன்தார் மாளிகை மாதிரி இருக்கும். அடுத்த வருஷம், 1857 செப்டம்பர் 5ஆம் தேதி, சென்னைச் சர்வகலாசாலைச் சட்டம் வந்தது. ரயிலையும் சர்வகலாசாலையையும் ஒரே கவர்னர்தான், ஹாரிஸ் பிரபு, தொடங்கி வைத்தார். ரயில் ஆளை ஏற்றிக் கொண்டு போயிற்று. சர்வகலாசாலையோ ஆளை ஏற்றிக் கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்தவனிடம் டிக்கெட் மட்டும் பரிசோதித்தது!

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சென்னைச் சர்வகலாசாலை லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் ஏற்பட்டது. பாடம் சொல்வது அதன் வேலையல்ல. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதுமே வேலை. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்பதெல்லாம் இணைந்த கல்லூரிகளின் பாடு. 1904இல் வந்த இந்தியச் சர்வகலாசாலைகள் சட்டத்துக்குப் பிறகுதான் தானே பாடம் சொல்லலாம் என்ற எண்ணம் தலை எடுத்தது. ஆக, ஏறக்குறைய ஐம்பது வருஷம் இது ஒரு தூரத்துச் சர்வகலாசாலை.

அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யார் தெரியுமா? சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் நடத்திய செமினரியில் படித்தவர்கள். கடலுக்கு அப்பால் வேறொருவர் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷை இங்கே வந்து விடைத்தாளில் எழுதித் தேறினார்கள். தாமோதரம் பிள்ளை பிற்பாடு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுக்குச் செய்த தொண்டு எல்லாருக்கும் தெரியும். அவரைப் போன்றவர்களுக்கு எந்த முறையும் போதும். மற்றவர்கள் கதி என்ன?

பரீட்சை காகிதத்தில் நடந்தது. ஆகையால் படிப்பும் காகிதத்தில் நடந்தது. காது கேட்கிறதா, வாய் பேசுகிறதா என்று பரீட்சைக்காரர் கேட்கவில்லை. ஆகவே கல்லூரியும் கேட்கவில்லை. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பக்கம் பக்கமாக ஒப்பித்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'வண்டி எப்போது வரும்?' என்று இங்கிலீஷில் கேட்க நா எழாத பட்டதாரிகள் நம் ஊரில் பெருகியது இப்படித்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போகும் வரைக்கும் அதன் பழைய புத்தகக் கடைகளில் குவிந்து கிடந்த 'நோட்ஸ்'களை எண்ணிப் பார்த்திருந்தால் நான் சொல்வதற்குச் சாட்சி கிடைத்திருக்கும்.

நடுவில் ரேடியோ வந்தது. சென்னையில் 1924இலேயே பிரஸிடென்ஸி ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஆரம்பமாயிற்று. லண்டன் பி.பி.ஸி.யின் வானொலி இங்கிலீஷ் பாடங்கள் 1943இல் தொடங்கின. காகிதத்துக்குள் அடைபட்டிருந்த இங்கிலீஷ் முதல் தடவையாகக் காதுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் ரேடியோவைப் பார்த்து நாம் என்ன பேசினாலும் அது சட்டை செய்யாது அல்லவா?

1950களின் கடைசியில் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆரம்பப் பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் 27,000 உபாத்தியாயர்களுக்குப் புது முறையில் பயிற்சி கொடுக்க வேண்டும். இத்தனை பேரையும் யார் பயிற்றுவது? முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் வேறு சிலருக்கு. அவர்கள் இன்னும் பலருக்கு. உருண்டு உருண்டு பெருக்கும் பனிப்பந்து என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். சென்னை வெயிலில் பனிப்பந்து! பெயர் வைத்த புண்ணியவான் ஒரு சித்திரை மாதத்தை இங்கே கழித்தாரோ என்னவோ. கையிலிருந்து கைக்கு மாறும்போது பந்து உருகியதும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெல்லின் யோசனைதான் அதற்குள்ளும் இருந்தது: கற்றவன் உடனே இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டும்.

தபால் வழிக் கல்வி அப்புறம் வந்தது. டெல்லிச் சர்வகலாசாலை 1962இல் தொடங்கியது, மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள், எங்கள் பக்கத்தில் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதனால் பட்டதாரிகள் ஆனார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. உயர்ந்த காரியம். ஆனால் மொழிப் பாடத்தைப் பொறுத்த மட்டில் அது 1857இன் பழைய ஏற்பாடுதான். உறை மட்டும் புதிது. 1984 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொலைக்காட்சியில் தேசிய வகுப்பறை என்று ஒன்று தொடங்கினார்கள். சின்ன வயசில் எதிர் வீட்டு டெலிவிஷனில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். படம் தொடங்கும் என்ற நம்பிக்கையில் பார்த்தோம். படம் தொடங்கவே இல்லை.

இந்த ஊமை இங்கிலீஷ் என்ன செய்யும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியை விட்ட பிறகு எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். பெயர் வேண்டாம். எழுத்துப் பரீட்சையில் தேறினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றார். கேள்வி புரிந்தது. பதிலும் மனசுக்குள் இங்கிலீஷில், எழுத்துப் பிழை இல்லாமல், ஓடிற்று. உதடு பிரியவில்லை. அரை நிமிஷம் ஆயிற்று. நடுவில் இருந்தவர் தமிழில், "போகலாம் தம்பி" என்றார். வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் அந்தப் பதிலைச் சத்தமாகச் சொல்லிக் கொண்டே வந்தேன். லாரிக்காரன் ஒருவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனான்.

என் வீட்டு வாசலில் இருக்கும் வேலை எனக்குக் கிடைக்காமல் போனதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று ஆலைகள் வந்தன. 2001இல் எண்ணூரில் தனித் துறைமுகமே வந்தது. புகையும் சாம்பலும் எண்ணெயும் பாரபட்சம் இல்லாமல் எல்லாருக்கும் வந்து சேர்ந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது செம்படவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்துப் போனதை நாடே படத்தில் பார்த்தது. ஆபீஸ் நாற்காலிகள் மட்டும் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு.

சரி, 2020க்குத் திரும்புவோம். கல்லூரிகள் மூடிய பிறகு பாடத்தை இணையத்தில் நடத்துவது என்று தீர்மானமாயிற்று. அது ஒன்றும் புது வித்தை அல்ல. சென்னை ஐ.ஐ.டி. முதலியவை சேர்ந்து 2003இலிருந்தே பாடங்களைப் படமாக்கி வந்தன. மத்திய சர்க்காரின் ஸ்வயம் ஏற்பாடு 2017இல் தொடங்கியது. ஆனால் அவையெல்லாம் இஷ்டப்பட்டவர்கள் பார்ப்பவை. இப்போதோ எல்லாருக்கும் கட்டாயம். 2021 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரைக்கும் தினம் இரண்டு ஜி.பி. இணைய வசதியை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் டேட்டா கார்டு கொடுத்தார்கள். கைப்பேசியை யார் கொடுப்பது? அடுத்த வீட்டில் அந்த ஒரே கைப்பேசிக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அக்காவுக்கு இங்கிலீஷ், தம்பிக்குக் கணக்கு, தகப்பனாருக்குப் படகு முதலாளியின் அழைப்பு. முதலாளி கூப்பிட்டால் இங்கிலீஷ் நடுவிலே அறுந்து போகும்.

இதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. வறுமை பழகிப் போன விஷயம். எனக்கு ஆற்றாமை வேறு. தபால் பேசாது, ரேடியோ கேட்காது, டெலிவிஷன் கேட்காது. நூற்றறுபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பக்கமும் குரல் போய் வரக் கூடிய ஒரு கருவி ராயபுரத்து மீனவர் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. வந்ததும் நாம் செய்த முதல் காரியம் மாணவர் பக்கத்துக் குரலை அடைத்தது!

ஆசிரியைகள் பேரில் தப்பு இல்லை. அறுபது வீட்டுச் சத்தம் ஒரே சமயத்தில் வந்தால் யார்தான் பாடம் நடத்த முடியும்? குக்கர் விசில், நாய், கோயில் ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து வரும். அறுபது பேருக்கு ஒருவர் என்ற கணக்குத்தான் தப்பு. அந்தக் கணக்கைப் பெல் பாதிரியார் 1789இலேயே போட்டுப் பார்த்து, வகுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்தார். கைப்பேசியிலும் அறுபது பேரை நான்கு நான்கு பேராகத் தனி அறைகளில் பிரித்துப் பேசவிட வசதி உண்டு என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன்.

இன்னொருவர் சொன்னதும் ஞாபகத்துக்கு வருகிறது. 1979லிருந்து 1984 வரைக்கும் பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு என்ற பேராசிரியர் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் அட்டவணை, தேசப்படம் இவற்றைக் கொடுத்து, 'இந்த ஊருக்கு எந்த வண்டியில் போவாய்?' என்று கேட்டார். பிள்ளைகள் விடை தேடுவதில் முனைந்திருக்கும்போது மொழி பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் அபிப்பிராயம். எல்லாரும் ஒப்புக் கொண்டதாகச் சொல்ல முடியாது; வெளிநாட்டுப் பண்டிதர்கள் வரைக்கும் வாதப் பிரதிவாதம் நடந்தது. எனக்கு அவர் கட்சிதான். எங்கள் அடுத்த வீட்டு ஆயா மீன் ஏலத்தில் தெலுங்கு பேசுவாள். வடக்கத்தி வியாபாரியிடம் ஹிந்தியில் சண்டை போடுவாள். அவள் எந்த மொழிக்கும் இலக்கணம் படித்தவளல்ல. விலை படிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் நீட்டி முழக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே என்கூட இங்கிலீஷ்ல பேசுங்க மாமா" என்றாள். எனக்கு அந்தக் கம்பெனி அறை ஞாபகம் வந்துவிட்டது. சமாளித்துக் கொண்டு, கீழே ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டேன். இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் ஏறினேன். சாயங்காலம் அரை மணி நேரம், இந்த மாடிக்கும் அந்த மாடிக்குமாக, தப்பும் தவறுமாகப் பேசினோம். துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, அதில் என்ன இருக்கும், எங்கே போகும் என்று பேசுவோம். அவள் தம்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பான்.

2021இல் கல்லூரி திறந்தது. பிறகு அவள் பட்டம் வாங்கி, இப்போது சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் டெலிபோனில் பேசும் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்கு நான் காரணம் என்று சொல்லிக் கொள்ள மாட்டேன். அவள் வாயாடி.

தம்பி இப்போது கல்லூரி முதல் வருஷம். அவனுக்கு மாடிக்கு மாடி பேச வேண்டிய அவசியமே இல்லை. கைப்பேசியில் இருக்கும் செயற்கை அறிவு இயந்திரம் கேள்வி கேட்கிறது, இவன் பதில் சொன்னால் தப்பைத் திருத்துகிறது, கோபித்துக் கொள்வதில்லை, அலுத்துக் கொள்வதும் இல்லை. போன வாரம் இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக இங்கிலீஷில் பேசிக் கொண்டிருந்தான். ஆயா துணி எடுக்க மேலே வந்தாள்.

"யாருகிட்டடா இவ்ளோ நேரம் பேசிக்கினு கீற?"

"யாரும் இல்ல ஆயா."

ஆயா கொடியிலிருந்த துணியைத் தோளில் போட்டுக் கொண்டு, அவனையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டியா நைனா? யாரும் இல்லியாம்!" என்றாள்.